துயரச் செய்திகள் நித்திரையைக் கெடுக்கும்போது

கேள்வி: எனக்கு வயது 54. உப்புவெளியில் இருக்கிறேன். பிரஷருக்குக் குளிசை போடுகிறேன். காஸாவில் நடப்பதைக் காட்டும் வீடியோக்களை இரவிரவாகப் பார்த்துவிடுகிறேன். டித்வா புயல் நேரம் மூதூர்ப் பக்க வெள்ளத்தையும் இப்படித்தான் விடிய விடியப் பார்த்தேன். 2004 சுனாமியில் என் அக்காவை இழந்தவள் நான். இப்போது இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு படபடக்க எழும்பிவிடுகிறேன், பிறகு நித்திரை வருவதில்லை. "பார்க்காதீங்கோ அம்மா" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். பார்க்காமல் விட்டால் அந்தச் சனத்தைக் கைவிட்ட மாதிரி இருக்கிறது. பக்கத்து வீட்டு ரீச்சர் யோகா செய்யச் சொல்கிறா. யோகா போதுமா, நித்திரைக் குளிசை வேண்டுமா?

பதில்: சகோதரி, முதலில் அந்தக் குற்ற உணர்வைப் பற்றிப் பேசிவிடுவோம். உங்கள் நித்திரையைக் கெடுப்பதில் அதற்கும் பெரிய பங்கு இருக்கிறது. ஒரு செய்தியை அறிந்துகொள்ளப் பத்து நிமிடம் போதும். அதே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் அங்கே ஒரு பிள்ளைக்கும் ஒரு வாய் தண்ணீர் கிடைக்கப்போவதில்லை. உங்கள் இரக்கம் உண்மையானது. ஆனால் அது போய்ச்சேர வழியில்லாமல் உங்கள் உடம்புக்குள்ளேயே கிடந்து உங்களை வருத்துகிறது.

பயங்கரமான காட்சியைக் கண்டால், அது எங்கோ தொலைவில் நடக்கிறதா, வாசலில் நடக்கிறதா என்று உடம்பு ஆறஅமர விசாரிப்பதில்லை. அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், தசைகள் இறுகும். ஓடத் தயாரான அந்த உடம்போடுதான் நீங்கள் படுக்கப் போகிறீர்கள். 2013இல் பொஸ்டன் மரதன் ஓட்டத்தில் குண்டு வெடித்த பிறகு அமெரிக்காவில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அடுத்து வந்த வாரத்தில் தினமும் 6 மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்திகளைப் பார்த்தவர்களிடம், சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிடக் கூடுதலான மன அழுத்த அறிகுறிகள் காணப்பட்டன. ஏற்கெனவே பதகளிப்பு உள்ளவர்கள்தான் அதிகம் பார்த்திருக்கலாம் என்பதும் உண்மை. எப்படி என்றாலும், சுனாமியில் அக்காவைப் பறிகொடுத்த உங்களுக்கு வெள்ளக் காட்சி வெறும் செய்தி அல்ல. பிள்ளைகள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே செய்தியை முற்றாக விடச் சொல்லமாட்டேன். காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை வாசியுங்கள், அல்லது வானொலியில் கேளுங்கள். வீடியோ வேண்டாம். பொழுதுபட்ட பிறகு எதுவும் வேண்டாம். போனை அறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள். மழை, புயல் நேரத்தில் வட்ஸ்அப்பில் வருவதை நம்பிப் பதறாமல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். வந்த வீடியோவை மற்றவர்களுக்கு அனுப்பாமல் விடுவதும் ஒரு நன்மைதான். உங்களைப் போல எத்தனை பேர் இரவில் விழித்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

யோகா உதவும். ரீச்சர் சொன்னது நல்ல யோசனை. ஆனால் உங்கள் வயதுக்கும் பிரஷருக்கும் ஏற்றதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைகீழாக நிற்கும் ஆசனங்கள், வேகவேகமாக மூச்சை அடித்து விடும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை உள்ளே பிடித்துவைக்கும் பயிற்சிகள் உங்களுக்கு வேண்டாம். கண்ணுக்குள் அழுத்தம் கூடும் குளுக்கோமா நோய் இருந்தால் தலையைத் தாழ்த்தும் ஆசனமும் கூடாது. கதிரையில் நிமிர்ந்து இருங்கள், பாதம் இரண்டும் நிலத்தில் படட்டும். நாலு எண்ணும்வரை மூக்கால் மூச்சை எடுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவில் வரும். வெளிமூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கிறது. இது ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் வழமையான மூச்சுக்குத் திரும்பிவிடுங்கள். பிறகு தோளையும் கழுத்தையும் மெல்ல அசைத்து, பாயில் முழங்காலூன்றிப் பூனை மாதிரி முதுகை வளைத்து நிமிர்த்துங்கள். முழங்கால் நொந்தால் அதையும் கதிரையிலேயே செய்யலாம்.

கடைசியில் மல்லாந்து படுத்து உடம்பைத் தளர்த்தும் சவாசனம் செய்யும்போது கண்ணை மூட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பேரிழப்பைக் கண்டவர்களுக்குக் கண்ணை மூடி அமைதியாகக் கிடக்கும் நேரத்தில்தான் பழைய காட்சி வந்து நிற்கும். அது உங்கள் குறையல்ல, பயிற்சி பிழைத்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். கண்ணைத் திறந்து எழும்பியிருந்து, பாதத்தை நிலத்தில் அழுத்தி, அறையில் தெரியும் பொருட்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். இரவு இரண்டு மணிக்கு எழும்பினாலும் இதையும் அந்த நீண்ட வெளிமூச்சையும் செய்யுங்கள். நேரம் பார்க்கவென்று போனை எடுக்காதீர்கள்.

யோகா என்றதும் மதம் சம்பந்தப்பட்டதோ என்று தயங்கும் வாசகர்களும் இருக்கிறார்கள். மூச்சுப் பயிற்சி எவருடைய வழிபாட்டுக்கும் குறுக்கே வராது.

இனி இரக்கத்துக்கு வருவோம். தொலைவில் உள்ளவர்களுக்கு நம்பிக்கையான நிறுவனம் ஊடாக முடிந்ததை அனுப்புங்கள். அதைவிட, கைக்கெட்டும் தூரத்தில் ஒருவருக்கு ஏதாவது செய்யுங்கள். கிளினிக் நாட்களில் மூதூர், கிண்ணியாப் பக்கமிருந்து விடியவே பஸ் ஏறித் தனியாக வரும் வயோதிபரைப் பார்த்திருப்பீர்கள். எந்த வரிசையில் நிற்பது, எந்தக் குளிசை காலையில், எது இரவில் என்று தெரியாமல் தடுமாறுவார்கள். பக்கத்தில் இருந்து கேட்டுச் சொன்னாலே அவர்களுக்கு அது பெரிய உதவி. அயலில் படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு வாரத்தில் ஒரு நாள் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கலாம். உங்களைப் போலவே சுனாமியில் உறவை இழந்த ஒருவரோடு பின்னேரம் டச்சுபே கடற்கரையில் நடக்கலாம். கடற்கரை மனதை வருத்தினால் வேறு பாதையில் நடவுங்கள். உதவி செய்து அதன் பலனைக் கண்ணால் காணும்போது "என்னால் ஒன்றும் முடியவில்லையே" என்ற கையறுநிலை குறைகிறது. ஆனால் வாரத்துக்கு ஒன்றிரண்டு போதும். ஊரின் துன்பம் முழுவதையும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். உங்கள் மேலும் கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள்.

நித்திரைக் குளிசையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். பல குளிசைகள் பழக்கமாகிவிடும், இரவில் எழும்பி நடக்கையில் விழவும் வைக்கும். படபடப்புக்கு மனம் மட்டும் காரணம் என்றும் முடிவு கட்டக்கூடாது. ஈசிஜி, தைரொயிட், இரத்தச்சோகைப் பரிசோதனைகளைச் செய்விக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்களும் இரவில் எழுப்பும். நெஞ்சு நோவு, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

சுனாமிக் காட்சி இப்போதே நடப்பது போலத் திரும்பத் திரும்ப வந்தால், அல்லது இந்த நிலை ஒரு மாதம் தாண்டியும் குறையாவிட்டால், திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். இத்தனை வருடம் கழிந்தாலும் இதற்குச் சிகிச்சை உண்டு. பேசிக் குணப்படுத்தும் முறைகள் நன்றாக உதவுகின்றன, தேவையென்றால் மருந்தும் தருவார்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே 1926க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.

யோகா தொடங்கிச் சில கிழமைகளில் பிரஷர் கொஞ்சம் இறங்கலாம். அதை நம்பிக் குளிசையை நிறுத்திவிடாதீர்கள். அளந்த அளவுகளை ஒரு கொப்பியில் குறித்து அடுத்த கிளினிக்குக் கொண்டுபோங்கள், குறைப்பதா இல்லையா என்று அங்கே தீர்மானிப்பார்கள்.