ஸ்காட்லாந்தின் சமூகக் காடுகளில் மரம் நடுவதைத் தவிரத் தன்னார்வலர்களுக்கு என்ன வேலை இருக்கிறது? அனுபவம் இல்லாதவர் சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். ஸ்காட்லாந்தின் தென்கிழக்கில் ஊரார் சேர்ந்து பராமரிக்கும் ஒரு சிறிய காட்டில் சில ஆண்டுகளாக வேலை செய்துவருகிறேன். நான் கண்டவரை, மரம் நடுவதற்கு ஆள் கிடைப்பது எளிது. நட்ட மரத்தை அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகள் கவனித்துக்கொள்வதற்குத்தான் எப்போதும் ஆள் போதவில்லை.

ஊர் மக்களின் சங்கமோ அறக்கட்டளையோ சொந்தமாக வாங்கியோ, குத்தகைக்கு எடுத்தோ நடத்தும் காட்டைத்தான் இங்கே பெரும்பாலும் சமூகக் காடு என்கிறார்கள். இதற்கு முன்னோடி கேலஷீல்ஸ் ஊருக்கு அருகிலுள்ள வூப்லா காடு. டிம் ஸ்டெட் என்ற மரச்சிற்பி, ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக 365 மரக் கோடரித் தலைகளைச் செதுக்கி விற்று நிதி திரட்டத் தொடங்கினார். பிறரும் உதவ, 1987-இல் அந்த நிலம் வாங்கப்பட்டது. பின்னர் வந்த 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், நிலத்தின் மீதான தங்கள் விருப்பத்தை முன்கூட்டியே பதிவு செய்துகொண்ட கிராமச் சமூகங்களுக்கு, அந்த நிலம் விற்பனைக்கு வரும்போது முதலில் வாங்கும் உரிமையை அளித்தது.

வாங்கிய பிறகுதான் வேலையே தொடங்குகிறது. ஓநாய்கள் அழிந்துபோன இந்த நாட்டில் மான்களைக் கட்டுப்படுத்த இயற்கையான வேட்டை விலங்கு இல்லாததால், மரக்கன்றுகளின் நுனியை மான்கள் கடித்துவிடாமலிருக்க ஒவ்வொரு கன்றையும் சுற்றி ஏறத்தாழ 1.2 மீட்டர் உயர பிளாஸ்டிக் உறை பொருத்துகிறோம். காற்றில் சாயும் உறைகளை நிமிர்த்துவது, இற்றுப்போன முளைக்குச்சிகளை மாற்றுவது, கன்றின் அடியில் புல்லை அகற்றுவது, கோடையில் உயர்ந்து வளர்ந்து இலையுதிர்காலத்தில் கன்றுகளின் மேலேயே சாய்ந்து அமுக்கும் பிராக்கன் பெரணியை அடித்து மடக்குவது ஆகியவை ஆண்டுதோறும் திரும்பி வரும். மரம் பருத்ததும் அந்த உறைகளை அறுத்தெடுத்து அப்புறப்படுத்தவும் வேண்டும். இல்லையென்றால் அவை தண்டை இறுக்குவதோடு, நொறுங்கிக் காட்டு மண்ணிலேயே குப்பையாகக் கிடக்கும். நட்டவர்கள் இதற்குத் திரும்பி வராத இடங்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது உண்மையாகவே வருத்தம் தரும் காட்சி.

பறவைகள் கூடு கட்டும் பருவத்தில் புதர் வெட்டுவதைத் தவிர்க்கிறோம். பயன்பாட்டிலுள்ள கூட்டைத் தெரிந்தே அழிப்பது 1981-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். ஆகவே கனமான வேலைகள் குளிர்காலத்திலேயே நடக்கின்றன. வடிகால்களில் சேரும் இலைகளை வாருவதும் அப்போதுதான். அதைத் தவறவிட்டால் மழைநீர் பாதையை அரித்துவிடும்.

இப்போது எங்களுக்குப் பெரும் கவலை ஆஷ் மரங்கள். 2012-இல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோய் அவற்றை நுனியிலிருந்து கருகச் செய்கிறது. நோயுற்ற மரம் எளிதில் முறியக்கூடியதாக ஆகிவிடுவதால், பாதையோரத்தில் நிற்பவற்றைத் தொடர்ந்து பார்வையிட்டுக் குறித்துவைக்கிறோம். வெட்டுவது பயிற்சியும் சான்றிதழும் உள்ளவர்களின் வேலை. ஆனால் எல்லா ஆஷ் மரங்களையும் அவசரப்பட்டு வெட்டிவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன், ஏனெனில் சில மரங்கள் இந்த நோயைத் தாங்கி நிற்கின்றன, அவற்றின் விதைகள்தான் அடுத்த தலைமுறைக்கு வேண்டும்.

காப்பீடு, கணக்கு, நிதி விண்ணப்பம், கூட்டக் குறிப்பு ஆகியவற்றுக்கும் ஆள் வேண்டும். உடல் உழைப்பு இயலாதவர் இவற்றை ஏற்றுக்கொண்டால், மற்றவர்களுக்குக் காட்டில் செலவிட நேரம் மிஞ்சும்.

சேர விரும்பினால் வசந்தகாலம் வரை காத்திருக்காமல், குளிர்காலத்து வேலைநாள் ஒன்றுக்கே போய்ப் பாருங்கள். கருவிகளை அவர்களே தருவார்கள். நனையாத காலணியும் தடித்த கையுறையும் உங்களிடம் இருந்தால் போதும். எந்த மரத்தின் பெயரும் தெரியாமல் வந்தவர்கள் எங்கள் குழுவில் பலர் உண்டு.