ரோட்டில் பெரிய குழாய் வந்தால் கடைக்குள் தண்ணீர் வராதா?

கேள்வி: மும்பை சயானில் மெயின் ரோட்டை ஒட்டித் தரைத்தளத்தில் டிபன் கடை வைத்திருக்கிறேன். பெருமழை வந்தால் ரோட்டில் முழங்கால் தண்ணீர். கடை டாய்லெட் வழியாகவும் சாக்கடை பொங்குகிறது. இப்போது ரோட்டைத் தோண்டிப் பெரிய குழாய் பதிக்கிறார்கள். வாசலை உயர்த்தும் செலவு மிச்சம்தானே?

பதில்: எந்தக் குழாயைப் பதிக்கிறார்கள் என்று முதலில் போய்ப் பாருங்கள். மும்பையில் கழிவுநீருக்கு ஒரு வழி, மழைநீருக்கு வேறு வழி. வட்டக் குழாய், இடையிடையே மேன்ஹோல், கட்டடங்களின் டாய்லெட் குழாய் வந்து சேர்கிறது என்றால் அது கழிவுநீருக்கு. நடைபாதை ஓரமாகக் கான்கிரீட் பெட்டி, மேலே கம்பி ஜாலி என்றால் மழைநீர் வடிகால். சந்தேகமாக இருந்தால் மாநகராட்சியின் எஃப் நார்த் வார்டு ஆபீசில் கேளுங்கள். ரோட்டில் தேங்குவதும் டாய்லெட்டில் பொங்குவதும் தனித்தனி வியாதிகள். ஒன்றுக்குக் கொடுத்த மருந்து மற்றதைத் தீர்க்காது.

கழிவுநீர்க் குழாய்தான் என்று வைத்துக்கொள்வோம். அதே சரிவில் 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயை 600 ஆக்கினால் சுமார் ஆறு மடங்கு தண்ணீர் போகும். ஆனால் அடுத்த தெருவில் பழைய 300 அப்படியே இருந்தால்? தாதர் ஸ்டேஷனில் பாலம் எவ்வளவு அகலமாக இருந்து என்ன, இறங்கும் படி குறுகல் என்றால் கூட்டம் பாலத்திலேயேதான் நிற்கும். ஆகவே வேலை எதுவரை போகிறது என்பதையும் கேட்டுவிடுங்கள்.

இன்னொரு திருட்டுத்தனம் உண்டு. மொட்டைமாடி மழைத்தண்ணீரைச் சத்தமில்லாமல் கழிவுநீர் சேம்பரில் (குழாய்கள் வந்து சேரும் தொட்டியில்) விட்டுவிடுவார்கள். கழிவுநீர்க் குழாய் நிரம்பி டாய்லெட்டில் பொங்க அதுவும் ஒரு காரணம். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை கொட்டினால், 1,000 சதுர அடி மாடியிலிருந்து மட்டும் சுமார் 4,600 லிட்டர் இறங்கும். உங்கள் சொசைட்டியில் அப்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

மழைநீர் வடிகால் என்றால் கடல்தான் எஜமான். நகரின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்குக் கட்டப்பட்டவை. அதை 50 ஆக்கச் சொன்ன பிரிம்ஸ்டோவாட் என்ற மழைநீர் வடிகால் திட்ட அறிக்கை வந்தது 1993-ல். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டிய பிறகுதான் வேலை சூடு பிடித்தது. எவ்வளவு பெரிதாக்கினாலும், கடல் ஓதம் (ஹை டைட்) நாலரை மீட்டரைத் தாண்டும் நேரத்தில் தண்ணீர் தானாகக் கடலுக்குள் இறங்காது. தாதர் பக்கம் தாழ்வாக இருக்கும் ஹிந்த்மாதாவில் தரைக்கடியில் தொட்டி கட்டி வெள்ளத்தைப் பிடித்துவைப்பது அதனால்தான்.

சரி, கடைக்கு வருவோம். டாய்லெட் குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வ் போடுங்கள்; அது தண்ணீரை வெளியே விடும், திரும்பி உள்ளே வரவிடாது. எங்கே போடுகிறோம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கட்டடத்தின் பொதுக் குழாயில் போட்டால், வால்வ் மூடியிருக்கும்போது மாடியில் ஃப்ளஷ் பண்ணுவது எல்லாம் தாழ்வான உங்கள் டாய்லெட்டில்தான் வெளியே வரும். உங்கள் கிளைக் குழாயில், பொது சேம்பரில் சேர்வதற்கு முன்னால் போடவேண்டும். வால்வ் மூடியிருக்கும் நேரத்தில் நீங்களும் தண்ணீர் விடக்கூடாது.

போட்டுவிட்டு மறந்துவிடவும் கூடாது. ஒரு டிபன் கடையில் திறந்து பார்த்தேன்: வால்வின் மடலுக்கும் விளிம்புக்கும் நடுவே தேங்காய் நார், மேலே மெழுகாக உறைந்த எண்ணெய். சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. அது போதும், சாக்கடை உள்ளே வர. சமையலறைத் தண்ணீருக்கு முதலில் கிரீஸ் ட்ராப் (எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துவைக்கும் தொட்டி) வையுங்கள். மே மாதத்தில் ஒரு தடவை வால்வைத் திறந்து கழுவுங்கள்.

தண்ணீர் வடியட்டும் என்று ரோட்டு மேன்ஹோல் மூடியை மட்டும் யாரும் தூக்கவேண்டாம். 2017 ஆகஸ்டில் ஒரு மருத்துவர் மழைவெள்ளத்தில் நடந்து வீட்டுக்குப் போகும்போது, திறந்து கிடந்த மேன்ஹோலில் விழுந்து இறந்தார். அடைப்பு என்றால் மாநகராட்சியின் 1916-க்குப் போன் செய்யுங்கள்.

வாசலை இப்போதே உயர்த்தவேண்டாம். ரோட்டு மட்டமே மாறலாம். ஷட்டருக்கு இரு பக்கமும் சேனல் அடித்து, ரப்பர் பட்டை ஒட்டிய பலகையை மழை நாளில் செருகிக்கொள்ளுங்கள். போன வருஷக் கறை சுவரில் எங்கே நிற்கிறதோ அதற்கு மேல் ஒரு சாண் உயரம் இருக்கட்டும். ஆனால் வால்வ் வேலை முடிந்த பிறகு பலகை. இல்லாவிட்டால் உள்ளே பொங்கும் சாக்கடையை அந்தப் பலகையே வெளியே விடாது.