தொந்தரவு இல்லாதவருக்கு எண்டோஸ்கோப்பி தேவையா?

கேள்வி: எனக்கு வயது 43. வயிற்றில் எந்தத் தொந்தரவும் இல்லை. தென்கொரியாவில் வேலை பார்க்கும் என் தம்பி, அங்கே நாற்பது வயதானவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரைப்பைப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்கிறார்கள் என்று சொல்லி, என்னையும் செய்துகொள்ளச் சொல்கிறான். அவசியமா?

பதில்: உங்கள் தம்பி சொல்வது அந்த நாட்டுக்கு மிகச் சரி. இரைப்பைப் புற்றுநோய் அதிகமாகக் காணப்படும் நாடுகளில் ஒன்றான தென்கொரியாவில், நாற்பது வயதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அரசே இந்தப் பரிசோதனையைச் செய்கிறது. ஜப்பானில் ஐம்பது வயதிலிருந்து இதே இடைவெளியில் எண்டோஸ்கோப்பி (கேமரா பொருத்திய மெல்லிய குழாயை வாய் வழியாகச் செலுத்தி இரைப்பையின் உட்புறத்தைப் பார்ப்பது) செய்யப் பரிந்துரைக்கிறார்கள். நோயை உள்சவ்வோடு நிற்கும் கட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டால், பல நேரங்களில் வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோப்பி வழியாகவே அகற்றிவிடலாம் என்பதுதான் அந்தத் திட்டங்களின் பலம்.

இந்தியாவில் நிலைமை வேறு. மிசோரம் போன்ற சில பகுதிகளில் இந்நோய் மிகுதி என்றாலும், நாடு முழுவதற்குமாகப் பார்த்தால் பாதிப்பு அந்த நாடுகளைவிட மிகக் குறைவு. அதனால்தான் முப்பது வயதைக் கடந்தவர்களுக்கான தேசியப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றின் புற்றுநோய்கள் இருக்கின்றன, இரைப்பை இல்லை. ஆகவே உங்களைப் போன்றவருக்கு இத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை என்ற கணக்கு எதுவும் இங்கே இல்லை. வழக்கமான எண்டோஸ்கோப்பியும் தேவையில்லை.

ஆனால் பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால் என் பதில் மாறும். 1994இல் புற்றுநோய்க் காரணியாக அறிவிக்கப்பட்ட ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி இருக்கிறதா என்று மூச்சுப் பரிசோதனையிலோ மலப் பரிசோதனையிலோ பார்த்து, இருந்தால் மருந்துகளால் அழித்துவிடுவது நல்லது. (அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், மருத்துவரிடம் கேட்டு அதை இரண்டு வாரம் நிறுத்திய பிறகே இப்பரிசோதனைகளைச் செய்ய வேண்டும், இல்லையேல் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும்.) எண்டோஸ்கோப்பி எப்போது செய்வது என்பதையும் மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம். இரைப்பையின் உள்சவ்வு பரவலாக நலிந்தோ குடற்சவ்வைப் போல உருமாறியோ இருப்பது தெரியவந்தால், பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கண்காணிக்கிறோம்.

என் உண்மையான கவலை உங்களைப் பற்றியதல்ல. தொந்தரவு இருந்தும் 'கேஸ் பிரச்சினை' என்று மாதக்கணக்கில் தாமாகவே மாத்திரை வாங்கி விழுங்குபவர்களைப் பற்றியது. அந்த மாத்திரைகள் புற்றுப் புண்ணின் வலியைக்கூடச் சில காலம் அடக்கிவிடும். காரணமின்றி எடை குறைவது, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது, விழுங்கச் சிரமம், தொடர் வாந்தி, தார் போன்ற கறுத்த மலம், இரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், வயது எதுவானாலும், தாமதிக்காமல் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும்.