பாஸ்வேர்டை மாற்றினால் சேமித்ததெல்லாம் ஏன் போகிறது? சாவிக் காப்பு கேள்வி-பதில்

கேள்வி: அப்பாவின் விண்டோஸ் பாஸ்வேர்ட் மறந்துவிட்டது. என் அட்மின் கணக்கிலிருந்து புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். லாகின் ஆகிறது. ஆனால் குரோமில் சேமித்திருந்த பாஸ்வேர்ட் ஒன்றுகூட வரவில்லை. வைஃபை மட்டும் வழக்கம்போல இணைகிறது. என்ன ஆயிற்று?

பதில்: சேமித்த ரகசியங்களைப் பூட்டிக் காக்கும் வேலையை விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே டிபிஏபிஐ என்ற பகுதி பார்த்துவருகிறது. ஒவ்வொரு பயனருக்கும் 64 பைட் மாஸ்டர் சாவி ஒன்றை அது உருவாக்கும். பிறகு அந்தப் பயனரின் பாஸ்வேர்டிலிருந்து வடித்த இன்னொரு சாவியால் அதைப் பூட்டி, செயலிகளின் தரவு இருக்கும் அவருடைய ‘ஆப்டேட்டா’ கோப்புறைக்குள் ‘ப்ரொடெக்ட்’ என்ற கோப்புறையில் வைக்கும். 90 நாளுக்கு ஒருமுறை புது மாஸ்டர் சாவி வரும். பழையவை இல்லாமல் பழைய தரவைத் திறக்க முடியாது என்பதால் அவையும் அங்கேயே இருக்கும்.

அப்பாவே கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் அழுத்தி, பழையதைக் கொடுத்துப் புதியதை வைத்திருந்தால் சிக்கலே இல்லை. பழைய பாஸ்வேர்டால் திறந்து புதியதால் மறுபடி பூட்டும் வேலை உள்ளேயே நடந்திருக்கும். அட்மின் ரீசெட் செய்யும்போது பழைய பாஸ்வேர்ட் விண்டோஸின் கையில் இல்லை, அதனால் மாஸ்டர் சாவி பழைய பூட்டிலேயே நின்றுவிடுகிறது, அதைக் கொண்டு பூட்டிய குரோமின் சாவியும் திறப்பதில்லை. இது கோளாறு அல்ல, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் அட்மினாக இருக்கும் எவரும் ரீசெட் செய்து அடுத்தவரின் ரகசியங்களைப் படித்துவிடலாம். வைஃபை பாஸ்வேர்ட் பிழைத்ததற்குக் காரணம், அது அப்பாவின் சாவியில் இல்லை, சிஸ்டம் கணக்கின் சாவியில் இருக்கிறது.

பழைய பாஸ்வேர்ட் நினைவுக்கு வந்தால் அதையே மறுபடி வையுங்கள், மாஸ்டர் சாவி திறந்துகொள்ளும். அதற்கு முன் குரோமின் ‘யூசர் டேட்டா’ கோப்புறையை நகல் எடுத்துவிடுங்கள். தன் சாவியைத் திறக்க முடியாத குரோம் புதுச் சாவி ஒன்றை உருவாக்கிப் பழையதன் மேலேயே எழுதிவிடக்கூடும். ஏற்கெனவே அது நடந்திருந்தால், கூகுள் கணக்கில் சிங்க் ஆகியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் மிச்சம். ‘ப்ரொடெக்ட்’ கோப்புறையைக் குப்பை என்று நினைத்து அழிக்காதீர்கள். அலுவலக டொமைன் கணக்குகளுக்கு இந்தத் தலைவலி இல்லை. அங்கே கணக்குகளை நிர்வகிக்கும் டொமைன் கன்ட்ரோலர் என்ற சர்வரிடம் ஒரு மாற்றுச் சாவி இருக்கும்.

கேள்வி: பயாஸ் அப்டேட் செய்தேன். அடுத்த முறை ஆன் செய்ததும் நீலத் திரையில் பிட்லாக்கர் 48 இலக்க எண் கேட்கிறது. வைரஸா?

பதில்: இல்லை. பிட்லாக்கர் என்பது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. அதன் சாவியை டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப் சும்மா கொடுத்துவிடாது. ஆன் ஆகும்போது கம்ப்யூட்டரை எழுப்பும் பயாஸ், நம்பகமான நிரல்களை மட்டும் அப்போது ஓடவிடும் செக்யூர் பூட் அமைப்பு, விண்டோஸை ஏற்றும் பூட்லோடர் ஆகியவற்றின் அளவீடுகள் சிப்பின் பதிவேடுகளில் ஏறுகின்றன. சாவியைப் பூட்டிய நாளில் இருந்த அளவீடும் இன்றைய அளவீடும் ஒத்துப்போனால்தான் சாவி வெளியே வரும். பயாஸ் மாறியதால் அளவீடும் மாறிவிட்டது.

திரையில் தெரியும் ‘கீ ஐடி’யின் முதல் 8 எழுத்துகளைக் குறித்துக்கொண்டு, வேறு கருவியில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து அதே ஐடிக்குரிய ரெக்கவரி கீயை, அதாவது அந்த 48 இலக்க எண்ணை, எடுங்கள். இரண்டு மூன்று கீ இருந்தால் ஐடி பார்த்துத்தான் எடுக்க வேண்டும், தேதி பார்த்து அல்ல. ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள் இருக்கும். ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடும். ஓர் இலக்கத்தைத் தப்பாக அடித்தால் அந்தத் தொகுதியிலேயே பிழை காட்டுவது இதனால்தான்.

இனி பயாஸ் அப்டேட்டுக்கு முன் கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கரை ‘சஸ்பெண்ட்’ செய்யுங்கள். ‘டர்ன் ஆஃப்’ வேண்டாம், அது டிஸ்க் முழுவதையும் டிக்ரிப்ட் செய்யத் தொடங்கிவிடும். சஸ்பெண்டில் இருக்கும்வரை சாவி டிஸ்க்கிலேயே பூட்டாமல் கிடக்கும். அதனால் ரீஸ்டார்ட் ஆனதும் பாதுகாப்பு திரும்ப வந்துவிட்டதா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நீளமான பாஸ்வேர்டை விட 4 இலக்க பின் பாதுகாப்பானது என்கிறதே விண்டோஸ்?

பதில்: டிபிஎம் இருக்கும் கம்ப்யூட்டரில் அந்தப் பேச்சு சரிதான். பின் எண் அந்த ஒரு கருவியில் மட்டும் செல்லுபடியாகும், நெட்வொர்க்கில் போகாது. யூகித்துப் பார்க்கவும் வழியில்லை. விண்டோஸ் அமைக்கும் டிபிஎம் 2.0, 32 தவறுகளுக்குப் பிறகு பூட்டிக்கொள்ளும், அப்புறம் 10 நிமிடத்துக்கு ஒரு வாய்ப்புதான். இருந்தாலும் 6 இலக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். தோளுக்குப் பின்னால் நிற்பவரின் கண்ணை டிபிஎம் தடுக்காது.

கேள்வி: டிஸ்க் முழுக்க என்கிரிப்ட் செய்திருந்தும் ஒரு கிராக் மென்பொருள் பிரவுசர் பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போய்விட்டது. எப்படி?

பதில்: டிஸ்க் என்கிரிப்ஷன், ஆஃப் செய்த லேப்டாப் திருடுபோனால் காக்கும். நீங்கள் லாகின் செய்து வேலை பார்க்கும்போது சாவி நினைவகத்தில் திறந்தேதான் இருக்கிறது. மூடியை மூடி ஸ்லீப்பில் வைத்தாலும் நிலைமை பெரும்பாலும் இதுதான், வெளியே எடுத்துப் போகும்போது ஹைபர்னேட் செய்யுங்கள். டிபிஏபிஐயும் ‘கேட்பவர் எந்தப் பயனர்’ என்று மட்டுமே பார்க்கும். எந்த நிரல் என்று பார்க்காது. உங்கள் கணக்கில் ஓடும் கிராக்கும் அதற்கு நீங்களேதான்.

இதற்காகவே 2024இல் வந்த குரோம் 127, விண்டோஸில், லாகினை நினைவில் வைக்கும் குக்கீகளுக்கு இன்னொரு பாதுகாப்பு அடுக்கைச் சேர்த்தது. சிஸ்டம் உரிமையோடு ஓடும் சர்வீஸ் ஒன்று, கேட்பது குரோம்தானா என்று சரிபார்க்கும். அட்மின் உரிமை கிடைத்த மால்வேரை இதுவும் முழுதாக நிறுத்தாது. மேக்கின் பாஸ்வேர்ட் பெட்டகமான கீசெயின் நிரல்வாரியாக அனுமதி கேட்கும். அங்கே ‘ஆல்வேஸ் அலவ்’ பொத்தானைப் பழக்கதோஷத்தில் அழுத்துபவர்கள்தான் அதிகம்.

இப்போதைக்கு: வேறு சுத்தமான கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றி, எல்லாக் கணக்கிலும் எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக்-அவுட் செய்யுங்கள். திருடிய குக்கீக்குப் பாஸ்வேர்ட் தேவையில்லை.

கேள்வி: ஆண்ட்ராய்ட் போனை ரீஸ்டார்ட் செய்தால் முதல்முறை கைரேகையை ஏற்பதில்லை. அதுவரை அழைப்பவர் பெயரும் வருவதில்லை, எண் மட்டும்தான்.

பதில்: கைரேகை ‘ஆம், இல்லை’ என்று சொல்லத்தான் உதவும், அதிலிருந்து சாவி வடிக்க முடியாது. பின் எண்ணும் சிப்புக்குள் இருக்கும் ரகசியமும் சேர்ந்தால்தான் உங்கள் தரவின் சாவி கிடைக்கும். ஆண்ட்ராய்ட் 7 முதல் சேமிப்பகம் இரண்டு கூறு. அலாரம், அழைப்பு போன்றவற்றுக்குத் தேவையானது கருவியின் சாவியில் திறக்கும். காண்டாக்ட்ஸ், படங்கள், சாட் எல்லாம் பின் போட்ட பிறகே. புதிதாக ஒரு விரலைச் சேர்த்ததும் சில வங்கிச் செயலிகள் மறுபடி பாஸ்வேர்ட் கேட்பதும் இந்த வகைதான். கைரேகைக்குக் கட்டிய சாவியை, புது விரல் வந்ததும் ஆண்ட்ராய்டின் சாவிப் பெட்டகமான கீஸ்டோர் செல்லாததாக்கிவிடும்.

கேள்வி: லினக்ஸ் லேப்டாப்பின் லக்ஸ் பாஸ்ஃபிரேஸ் இன்னொருவருக்குத் தெரிந்துவிட்டது. மாற்றினால் போதுமா?

பதில்: லக்ஸ் என்பது லினக்ஸின் டிஸ்க் பூட்டு, ஹெடர் என்பது அதன் சாவித் தகவல் இருக்கும் பகுதி. அவர் கையில் பழைய ஹெடர் நகல் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் போதும். பாஸ்ஃபிரேஸ் பூட்டுவது ஹெடரில் உள்ள மாஸ்டர் சாவியை மட்டுமே. அதை மாற்றினாலும் மாஸ்டர் சாவி மாறாது. பழைய ஹெடரும் பழைய பாஸ்ஃபிரேஸும் சேர்ந்தால் இன்றைய டிஸ்க்கும் திறக்கும். சந்தேகம் இருந்தால், லக்ஸை நிர்வகிக்கும் கிரிப்ட்செட்டப் கருவியின் ‘ரீஎன்கிரிப்ட்’ கட்டளையால் மாஸ்டர் சாவியையே மாற்றுங்கள். அதற்கு முன் தரவை வேறு டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள், சார்ஜரைச் செருகியே வையுங்கள். முடிந்ததும் புது ஹெடரை, லக்ஸ் 2 என்றால் வழக்கமாக 16 எம்பி, வெளி டிரைவில் நகலெடுத்துவிட்டு, பழைய ஹெடர் நகல்களை மறக்காமல் அழித்துவிடுங்கள்.