"முதல் வருஷமே ஆடலாம்" என்கிற வாக்கை நம்பி 54,000 டாலர் கட்டாதீர்கள்

டெக்சாஸ் ஃபிரிஸ்கோவிலிருந்து எழுதியிருக்கும் பெற்றோருக்கு,

உங்கள் மகன் பதினோராம் வகுப்பு, பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் லைன்பேக்கர், அதாவது தடுப்பு வரிசையின் நடுவில் நின்று எதிரணியை மடக்குகிறவன். பக்கத்து மாநிலத்துப் பெரிய பல்கலைக்கழகத்தின் உதவிக் கோச், "ப்ரிஃபர்ட் வாக்-ஆனாக வா, முதல் சீசனிலேயே களத்தில் இருப்பாய்" என்று சொல்லியிருக்கிறார். வருஷச் செலவு 54,000 டாலர். "டிவியில் வருகிற டீம், விட்டுடாதீங்க" என்று ஹூஸ்டன் சித்தப்பா தினமும் போன் செய்கிறார். உங்களுக்கோ தூக்கம் போய்விட்டது.

3.8 ஜி.பி.ஏ.வும் நல்ல உடம்பும் உள்ள பிள்ளைக்கு ஆடவும் படிக்கவும் இடம் கட்டாயம் கிடைக்கும். ஆறுதலாகச் சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது. இந்த அழைப்பை ஏற்காதீர்கள்.

வாக்-ஆன் என்றால் உதவித்தொகை இல்லாமல் அணியில் சேருவது. முன்னால் "ப்ரிஃபர்ட்" என்று போட்டால் தேர்வுப் போட்டியில் நிற்க வேண்டாம், அவ்வளவுதான். 2025 ஜூனில், கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய 'ஹவுஸ்' வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த பிறகு, அதில் சேர்ந்துகொண்ட பல்கலைக்கழகங்கள் ஃபுட்பால் அணியில் 105 பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. முன்பு உதவித்தொகைக்குத்தான் 85 என்று வரம்பு இருந்தது, வாக்-ஆன்களைச் சேர்த்து 120-ஐத் தாண்டிய அணிகள் உண்டு. இன்று ஆள் குறைக்கும்போது முதலில் கழிவது வாக்-ஆன்தான். அந்த 105-க்குள் ஆளைக் குறைக்க வேண்டிய கெடு முதல் ஆட்ட நாள். அதாவது ஆகஸ்டில் நீங்கள் ஃபீஸ் கட்டி, ஹாஸ்டலுக்குக் கையெழுத்துப் போட்ட பிறகுகூடப் பெயரை எடுத்துவிடலாம்.

"முதல் வருஷமே ஆடலாம்" என்பது வாய்ப்பந்தல். சொல்கிற உதவிக் கோச் சீசன் முடிந்ததும் வேறு ஊருக்குப் போய்விடலாம். உதவித்தொகைக்காவது எழுத்தில் ஒப்பந்தம் உண்டு, களத்தில் எத்தனை நிமிடம் என்று எழுதித் தருகிற கோச் கிடையாது. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பிப்ரவரியில் அவர் மனசாரச் சொன்னதே அடுத்த ஜனவரியில் மாறிவிடும். ஜனவரியில் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல்) திறந்ததும், வேறு கல்லூரியில் மூன்று வருஷம் ஆடிய 21, 22 வயது ஆட்கள் வருவார்கள். அடுத்த சனிக்கிழமை ஜெயித்தாக வேண்டிய கோச் அவர்களைத்தான் இறக்குவார்.

நீங்களே இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அணியின் இணையதளத்தில் ரோஸ்டர் (வீரர் பட்டியல்) பக்கத்தைத் திறந்து லைன்பேக்கர்களை எண்ணுங்கள். 14 பேர் என்று வையுங்கள். அதில் நான்கு பேர் கடைசி வருஷம் என்றால் மிச்சம் 10. இந்த வருஷம் கமிட் செய்த, அதாவது சேருவதாக வாக்குக் கொடுத்த பள்ளி மாணவர்கள் 3, போர்ட்டலில் வருகிறவர்கள் 2, உங்கள் மகன் ஒருவன். மொத்தம் 16. இன்று பெரும்பாலான அணிகள் அதிகம் ஆடுவது 4-2-5 மாதிரியான டிஃபென்ஸ் (முன்வரிசையில் 4, லைன்பேக்கர் 2, பின்னால் 5), அதில் ஒரே நேரத்தில் களத்தில் நிற்கிற லைன்பேக்கர் இரண்டே பேர். பிறகு போன மூன்று சீசன் ஆட்டங்களின் பாக்ஸ் ஸ்கோரை (ஆட்டப் புள்ளிவிவரத்தை) புரட்டி, பள்ளியிலிருந்து நேராக வந்த முதல் வருஷ லைன்பேக்கர் எத்தனை பேர் டிஃபென்ஸில் இறங்கினார்கள் என்று பாருங்கள். பந்தை உதைத்துத் தொடங்கும்போது மட்டும் இறங்கும் கிக்-ஆஃப் அணியில் நான்கு தடவை ஓடியதையும் "ஆடினான்" என்றுதான் சொல்வார்கள், அதைத் தனியாகக் கழித்துவிடுங்கள்.

நீங்கள் எச்-1பி வேலை விசா, மகன் அதைச் சார்ந்த எச்-4 விசா, கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். "நேம், இமேஜ், லைக்னெஸ்" (வீரரின் பெயரையும் படத்தையும் பயன்படுத்தத் தரும் பணம்) வழியாக விளம்பரப் பணம் வரும் என்று சித்தப்பா சொல்வது உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாது. எச்-4 பிள்ளைக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. 21 வயதில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினாலும் விளம்பரத்துக்காக இங்கே வேலை செய்தால் விசாவுக்கே ஆபத்து. குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் ஒரு டாலர்கூட வாங்க வேண்டாம். மத்திய அரசின் கல்வி உதவியும் அவனுக்குக் கிடையாது. ஆகவே அந்த 54,000 முழுக்க உங்கள் பையிலிருந்துதான், நாலு வருஷத்துக்கு 2,16,000. இதற்காக வீட்டின் மேல் கடன் வாங்கும் யோசனையை இன்றே கைவிடுங்கள்.

கல்லூரி விளையாட்டின் இரண்டாம் தட்டான டிவிஷன் 2, இரண்டு வருஷக் கம்யூனிட்டி காலேஜ் ஆகிய வழிகளை உங்கள் பள்ளிக் கோச்சே சொல்லியிருப்பார். வீட்டில் யாரும் பேசாத மூன்றாம் தட்டு, டிவிஷன் 3-ஐப் பார்ப்போம். அங்கே விளையாட்டு உதவித்தொகை கிடையாது என்று கேட்டதுமே பெற்றோர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். எம்.ஐ.டி., ஜான்ஸ் ஹாப்கின்ஸ், சிகாகோ பல்கலைக்கழகம், ஆம்ஹெர்ஸ்ட், போடன், கார்னகி மெலன், உங்கள் மாநிலத்திலேயே சான் அன்டோனியோவின் டிரினிட்டி என எல்லாமே ஃபுட்பாலில் டிவிஷன் 3தான். ஆம்ஹெர்ஸ்ட், போடன், எம்.ஐ.டி. மூன்றும் வெளிநாட்டு மாணவருக்கும் குடும்ப வருமானத்தைப் பார்க்காமல் இடம் கொடுத்து, தேவைப்படும் தொகை முழுவதையும் ஈடுகட்டுகின்றன. இடம் கிடைப்பதுதான் கடினம், அங்கேதான் ஃபுட்பால் கைகொடுக்கும்.

வசந்த காலத்திலேயே ஹடல் என்னும் விளையாட்டு வீடியோ தளத்தில் மூன்று, நான்கு நிமிட வீடியோ போடுங்கள். முதல் அரை நிமிடத்தில் மிகச் சிறந்த ஐந்தாறு ஆட்டத் துண்டுகள் வரட்டும், ஒவ்வொன்றிலும் பந்து நகரும் முன்பே மகன் எங்கே நிற்கிறான் என்று அம்புக்குறி போடுங்கள். பாட்டு வேண்டாம். 20, 25 கல்லூரிகளின் லைன்பேக்கர் கோச்சுக்கு அவனே மின்னஞ்சல் எழுதட்டும்: உயரம், எடை, ஜெர்சி எண், ஜி.பி.ஏ., எஸ்.ஏ.டி. (கல்லூரி நுழைவுத் தேர்வு) மதிப்பெண், வீடியோ இணைப்பு, அந்தக் கல்லூரியில் என்ன படிக்க நினைக்கிறான் என்று இரண்டு வரி. அப்பா எழுதிய கடிதம் கோச்சுக்கு உடனே தெரிந்துவிடும். கோடைக் கேம்ப்புக்கு அழைத்து நூறு மடல் வரும். வீடியோவைப் பார்த்துவிட்டு மகனின் ஆட்டத்தைக் குறிப்பாகச் சொல்லி எழுதிய கோச்சிடம் மட்டும் போங்கள், மற்றது பணம் திரட்டும் கேம்ப்.

பதினோராம் வகுப்பு முடிந்த ஜூலையில் வருவது 'ப்ரீ-ரீட்'. மதிப்பெண் பட்டியல், எஸ்.ஏ.டி., பன்னிரண்டாம் வகுப்பில் எடுக்கப்போகும் பாடங்கள் ஆகியவற்றைக் கோச் அட்மிஷன் அலுவலகத்திடம் கொடுப்பார். இடம் கிடைக்க வாய்ப்பு எப்படி என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். விண்ணப்பிக்கும் முன்பே இது தெரிவது சாதாரண மாணவனுக்குக் கிடைக்காத வசதி. பதில் நல்லபடி வந்தால் கோச்சிடம் மகன் நேராகக் கேட்க வேண்டும்: "அட்மிஷனில் எனக்கு உங்கள் முழு ஆதரவு உண்டா? இந்த வருஷம் எத்தனை லைன்பேக்கர் எடுக்கிறீர்கள்?" 'ஏர்லி டெசிஷன்' உள்ள கல்லூரி என்றால் நவம்பரில் விண்ணப்பம், டிசம்பர் நடுவில் முடிவு. அது கட்டுப்படுத்துகிற வாக்கு, இடம் கிடைத்தால் அங்கேதான் சேர வேண்டும். அதனால் கையெழுத்துக்கு முன்பே கல்லூரி இணையதளத்தின் நெட் ப்ரைஸ் கால்குலேட்டரில் (உதவி போக நீங்கள் கட்ட வேண்டியதைக் காட்டும் கணிப்பான்) உங்கள் வரிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எச்-4 மாணவனை நிதி உதவியில் எந்தப் பட்டியலில் வைக்கிறார்கள் என்றும் எழுத்தில் கேளுங்கள். பல தனியார் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவனாகவே கணக்கிடும், கால்குலேட்டர் காட்டும் எண் அப்போது பொருந்தாது.

இங்கேயும் ஏமாறலாம். மாணவர் எண்ணிக்கையை நிரப்ப ஃபுட்பாலைப் பயன்படுத்தும் சின்னக் கல்லூரிகள் வருஷத்துக்கு 50, 60 பேரைச் சேர்த்துக்கொண்டு, எல்லாரிடமும் அதே "முதல் வருஷமே ஆடலாம்" பாட்டைப் பாடும். மூன்று வருஷத்துக்கு முந்தைய ரோஸ்டரை எடுங்கள். அன்றைய முதல் வருஷத்தினர் 50 பேரில் இன்று கடைசி வருஷத்தில் இருப்பது 10 என்றால் அந்தக் கல்லூரியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். "60 சதவீதம் ஸ்காலர்ஷிப்" என்று கோச் சொன்னால், அது அங்கே எல்லா மாணவருக்கும் கொடுக்கும் தள்ளுபடியா என்று கல்லூரி வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பான 'காமன் டேட்டா செட்'டின் எச் பிரிவில் (நிதி உதவி) பாருங்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது: "அவன் பயோமெக்கானிக்ஸ் படிக்கணும்கிறான், கோச் அதெல்லாம் லேப் டைமோடு ஒத்துவராது, வேற மேஜர் பாருன்னுட்டார்." எனக்கு அந்தக் கடிதத்தில் முக்கியமாகப் பட்டது இதுதான். சேரும் முன்பே படிப்பை மாற்றச் சொல்கிற அணிக்கு உங்கள் மகனைக் கொடுக்காதீர்கள். டிவிஷன் 3 கோச்சுகளிடம் அவன் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுவே: செவ்வாய், வியாழன் மதியம் லேப் இருந்தால் பயிற்சிக்குத் தாமதமாக வரலாமா, இப்போது அப்படி வருகிற வீரர் யார், அவரோடு பேச முடியுமா.

இந்த ஞாயிறு உதவிக் கோச்சுக்கு மறுப்பை மகனே போனில் சொல்லட்டும். நன்றி சொல்லி, மரியாதையாக, இரண்டு நிமிடத்தில். சித்தப்பாவிடம் நீங்கள் பேசிக்கொள்ளுங்கள்.