அடம் என்று எழுதாதீர்கள்

கேள்வி: என் ஆறு வயது மகனுக்கு ஆட்டிசம். கையைக் கடித்துக்கொள்கிறான், கத்தி அழுகிறான். நடத்தைப் பயிற்சி தருபவர் தினமும் குறித்துவரச் சொன்னார். நான் நாலு தடவை என்று எழுதினால் மாமியார் பத்து என்கிறார். எப்படித்தான் குறிப்பது?
- வாசகி, வலங்கைமான்

பதில்: உங்கள் நோட்டில் ‘அடம் பிடித்தான்’ என்று எங்கேயாவது இருக்கும். சிறப்பாசிரியராகச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் எழுதினேன். அடம் என்பது நாம் கட்டிய முடிவு, கண்ணால் கண்டதில்லை. ‘பல் கைத்தோலில் பதிந்தது’ என்று எழுதுங்கள். கையை வாயருகே கொண்டுபோவதைக் கடி என்று சேர்ப்பதா, வேண்டாமா? இதை வீட்டில் பேசி முடிவு செய்யாததால்தான் நாலும் பத்தும் வந்திருக்கும்.

கடியை எண்ணலாம். அடுப்படியில் பேனா தேட வேண்டாம். கடிக்கு ஒரு புளியங்கொட்டையை இந்த டப்பாவிலிருந்து அந்த டப்பாவுக்குப் போடுங்கள். களத்தில் நெல் அளக்கும்போது என் தாத்தா, ஒன்றுக்குப் பதில் லாபம் என்று தொடங்கி, “லாபம், ரெண்டு, மூணு” என்று மரக்காலுக்கு மரக்கால் சொல்வார், யார் கூப்பிட்டாலும் நிமிரமாட்டார். அந்தக் கவனம் போதும். நீங்கள் வாய்விட்டு எண்ண வேண்டாம், பையன் கேட்பான். எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஒரு மணி நேரத்தில் நாலும் நாள் முழுக்க நாலும் ஒன்றாகாது.

அழுகை வேறு. நாற்பது நிமிஷம் அழுதாலும் எண்ணிக்கையில் அது ஒன்றுதான். அதற்குப் போனில் ஸ்டாப்வாட்ச். ஒரு நிமிஷம் சத்தமில்லாமல் இருந்தால் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், முன்னால் என்ன, செய்தது என்ன, பின்னால் என்ன என்று மூன்று கட்டம். ‘மாலை 5.40, பம்புசெட் ஓட ஆரம்பித்தது, கடித்தான், பாட்டி போனைக் கொடுத்தார்.’ இந்த மூன்றாவது கட்டத்தை எழுதத்தான் எல்லோருக்கும் கூச்சம். போன் கொடுத்ததை மறைத்தால் அந்தத் தாளால் பயிற்சியாளருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒரு நாள் பம்புசெட்டை வைத்து அதுதான் காரணம் என்று முடிவுகட்டவும் வேண்டாம். இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள்.

மாமியாரும் நீங்களும் ஒரே அரைமணி நேரம், ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் எண்ணுங்கள். சின்ன எண்ணைப் பெரிய எண்ணால் வகுத்து நூறால் பெருக்குங்கள். எட்டும் பத்தும் என்றால் உங்கள் இருவர் கணக்கும் 80 சதவீதம் ஒத்துப்போகிறது. வழக்கமாக அதுதான் குறைந்தபட்ச அளவு. அதற்குக் கீழே போனால் மாமியாரோடு மல்லுக்கு நிற்காமல், கடி என்றால் என்ன என்று எழுதிய வரியைத் திருத்துங்கள்.

கடித்து ரத்தம் வந்தால் மட்டும் கொட்டையும் தாளும் அப்புறம். முதலில் பிள்ளையைப் பாருங்கள், அன்றைக்கே டாக்டரிடமும் பயிற்சியாளரிடமும் சொல்லிவிடுங்கள்.