கூட்டத்துக்குப் பாட்டியை அனுப்பாதீர்கள்

கேள்வி: எனக்கு 34 வயது. சில வருடங்களாகக் கைகளிலும் உதட்டோரத்திலும் வெண்புள்ளிகள் பரவுகின்றன. கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை. வீட்டிலேயே ஆரி வேலை செய்கிறேன். கல்யாண ரவிக்கைகள் தேடி வருகின்றன. வெளியே போவதில்லை. மகளின் பள்ளிக் கூட்டத்துக்குக்கூட மாமியார்தான் போகிறார். முன்பெல்லாம் கூப்பிடுவாள், இப்போது கூப்பிடுவதில்லை. புள்ளி மறைந்தால் எல்லாம் சரியாகும். அதுவரை என்னை நானே ஏற்றுக்கொள்வது எப்படி?
– சேலம் வாசகி

பதில்: "முன்பெல்லாம் கூப்பிடுவாள், இப்போது கூப்பிடுவதில்லை." போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. ஒரு குழந்தை கூப்பிடுவதை எப்போது நிறுத்தும்? கேட்டுக் கேட்டுச் சலித்த பிறகு. இல்லையென்றால், அம்மா வந்தால் அவமானம் என்பதை அம்மாவிடமிருந்தே கற்றுக்கொண்ட பிறகு. இரண்டாவதுதான் என் பயம். ஊரார் பேச்சைவிட இது கொடுமை. இதைச் செய்தது ஊரார் இல்லை, நீங்கள். என்மேல் கோபம் வந்தால் வரட்டும்.

தாய்க்கு இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் புள்ளி வருவதில்லை. ஆனால் அவளுக்கு முகப்பரு வரும், கணக்கில் மதிப்பெண் குறையும். குறையோடு நாலு பேர் நடுவே நடப்பது எப்படி என்று அவள் யாரைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்?

புள்ளி மறையட்டும் என்கிறீர்கள். இது தொழுநோய் இல்லை, யாருக்கும் தொற்றாது. தோலுக்கு நிறம் தரும் செல்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதால் வருகிறது. ஒளிச் சிகிச்சையில் முகத்துக்கு நிறம் திரும்ப வாய்ப்பு அதிகம். விரல் நுனியும் உதடும் லேசில் வழிக்கு வராது. தோல் மருத்துவரிடம் கட்டாயம் போங்கள். அதற்காக மகளின் பள்ளிப் பருவம் காத்திருக்காது.

கல்யாண ரவிக்கை கொடுக்க வரும் பெண்களை நினைத்துப் பாருங்கள். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிக்கு அடியில் ஒரு கை நூலைப் பிடிக்க, மேலே மற்றொரு கை ஆரி ஊசியால் அதைக் கொக்கிபோட்டு இழுத்து, சமிக்கியும் குழல்மணியுமாகக் கோக்கிறது. அந்தக் கைகளின் புள்ளியைப் பார்க்காமலா அளவு ரவிக்கையை நீட்டுகிறார்கள்? பார்த்துவிட்டுத்தான், இந்த வேலை உங்கள் கைக்குத்தான் வரும் என்று கொடுக்கிறார்கள். புள்ளியும் உங்களுடையது, வேலைத்திறனும் உங்களுடையது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை ஒளித்து வைக்க முடியாது.

உங்களை உங்களுக்குப் பிடித்தாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது வருகிறபோது வரட்டும். மனம் சமாதானமாகட்டும் என்று தாய் விடுப்பு எடுக்க முடியாது. அடுத்த கூட்டம் என்றைக்கு என்று இன்று இரவே மகளிடம் நீங்களே கேளுங்கள். அவள் நம்பாமல் பார்த்தாலும் விடாதீர்கள். அரைக்கை ரவிக்கையோடு போய், வகுப்பாசிரியை நீட்டும் மதிப்பெண் அட்டையில் நீங்களே கையெழுத்துப் போடுங்கள்.